துத்தநாகமும் தழையுரமும்



நட்ட இரண்டு மூன்று வாரத்தில் நெற்பயிரின் இலையில் துருப்பிடித்தாற்போலப் புள்ளி விழும். பயிர் எழும்பாமல் குட்டையாகவே நிற்கும். நோய் என்று மருந்தடிக்கக் கிளம்பிவிடாதீங்க. துத்தநாகப் பற்றாக்குறையாக இருக்கலாம். 1966-ல் வடக்கே பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானி கண்டு சொன்னது இது. இதற்குத்தான் நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து தூவச் சொல்கிறோம். தழையுரம் மடக்கி உழுத வயலுக்கு 5 கிலோவே போதும். "பாதி எப்படிப் போதும்?" என்று கேட்பீர்கள்.

தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ மக்கும்போது வயல் தண்ணீர் டீ மாதிரி பழுக்குது இல்லையா? அது மட்கின் சாறு. கார மண்ணில் துத்தநாகம் தனியாகத் திரிந்தால் கரையாத உப்பாகி மண்ணோடு தங்கிவிடும். மட்குச் சாறு பிடித்துக்கொண்டால் தண்ணீரிலேயே கரைந்திருந்து வேருக்குப் போகும்.

இந்தப் பிடி எவ்வளவு வேகம்? தண்ணீரில் கரைந்த துத்தநாகத் துகள் ஒவ்வொன்றையும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் போர்த்திக்கொண்டிருக்கும். அதில் ஒன்று விலகினால்தான் மட்கு கை வைக்கலாம். துத்தநாகம் இந்தப் போர்வையை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மாற்றுகிறது. தாமிரம் இன்னும் அவசரக்காரன், நொடிக்கு நூறு கோடிக்கும் மேல்! நிக்கலுக்குச் சில பத்தாயிரம்தான். இப்படிப்பட்ட வேகங்களை அளக்க வழி கண்டதற்காக 1967-ல் ஜெர்மனியின் மான்ஃபிரெட் ஐகனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆக, நல்ல தண்ணீரில் துத்தநாகம் சீக்கிரமே கட்டுப்பட்டுவிடும். உப்பான கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் தாமதம். சுண்ணாம்புச் சத்து முன்பே மட்கில் இடம் பிடித்திருக்கும். அதை எழுப்பிவிட்டுத்தான் துத்தநாகம் உட்கார வேண்டும். பயிருக்கு அது பெரிய தாமதமில்லை. பாஸ்பேட்டோடு சேர்த்துவிடுவதுதான் கெடுதல். சூப்பரோ டி.ஏ.பி.யோ கலந்து தூவினால் துத்தநாகம் அதோடு சேர்ந்து கட்டிப்போகும். தனித்தனியாகவே போடுங்க.

தழையை மடக்கிய கையோடும் நடாதீங்க. பச்சைத்தழை அழுகும் ஆரம்ப நாளில் துத்தநாகம் கிடைப்பது குறையும். ஒரு வாரமாவது மக்கட்டும்.

குளத்துப் பாசிக்கு மயில்துத்தம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழுப்புத் தண்ணீரில் மட்கு தாமிரத்தை உடனே பிடித்துவிடுவதால் மருந்தின் வேகம் குறையும். அதற்காக அளவைக் கூட்டிவிடாதீங்க, மீன் இருக்கிறது.