உளவுத்துறைத் தோல்வி: இலங்கை ஈஸ்டர் தாக்குதலுக்கு முந்தைய பதினேழு நாட்கள்

ஒரு நாட்டின் மீது வரவிருக்கும் தாக்குதலையோ போரையோ அந்நாட்டின் உளவு அமைப்புகள் முன்கூட்டியே அறிந்து தடுக்கத் தவறுவதை உளவுத்துறைத் தோல்வி என்கிறோம். இப்படி ஒரு செய்தி வந்தவுடன், "இவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டதே" என்றுதான் மக்கள் பேசிக்கொள்வார்கள். விசாரணை ஆணையங்களின் அறிக்கைகளைப் பார்த்தால் பல வேளைகளில் நிலைமை வேறாக இருக்கிறது. தகவல் ஏதோ ஒரு மேசை மேல் இருந்திருக்கிறது. செயல்பட வேண்டியவரிடம் அது போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு மிக அருகில் உள்ள நிகழ்வு, 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகள். அன்று காலை கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வழிபாட்டு இடங்களிலும், கொழும்பில் ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. சுமார் 270 பேர் இறந்தனர். ஏறக்குறைய 500 பேர் காயமடைந்தனர். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள்.

எச்சரிக்கை போன வழி

ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியாவிலிருந்து இலங்கை அரச புலனாய்வுச் சேவையின் தலைவர் நிலந்த ஜயவர்தனவுக்குத் தகவல் வந்துவிட்டது. தேசிய தவ்ஹீத் ஜமாஅத் தலைவர் சஹ்ரான் ஹாஷிமும் கூட்டாளிகளும் விரைவில் தற்கொலைத் தாக்குதல் நடத்தத் திட்டமிட்டுள்ளனர், முக்கியமான தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமும் இலக்குகள் என்பது அதன் சாரம். கோயம்புத்தூரில் 2018இல் கைதானவர்கள் தொடர்பான விசாரணையில் சஹ்ரானின் காணொளிகள் கிடைத்ததாகவும், அங்கிருந்துதான் இந்த நூல் பிடிக்கப்பட்டதாகவும் அப்போது பத்திரிகைகள் எழுதின.

யார், எதை, எப்படித் தாக்கப்போகிறார் என்று மூன்று கேள்விகளுக்கும் விடையுள்ள எச்சரிக்கை உளவு உலகில் அரிது. கையில் இல்லாதது தேதி மட்டுமே.

இனி அது சென்ற வழியைப் பாருங்கள். நிலந்த ஜயவர்தன இதைத் தேசியப் புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸுக்கு எழுதினார். அங்கிருந்து அது காவல்துறைத் தலைவர் (இலங்கை வழக்கில் பொலிஸ் மா அதிபர்) பூஜித் ஜயசுந்தரவுக்குச் சென்றது. அவர் அலுவலகத்திலிருந்து கீழே இறங்கி, ஏப்ரல் 11ஆம் தேதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் பிரியலால் திசாநாயக்க கையொப்பமிட்ட கடிதமாக, அமைச்சர்கள், தூதரகங்கள் முதலியவற்றுக்கான பாதுகாப்புப் பிரிவுகளை அடைந்தது. குண்டு விழப்போவது தேவாலயத்தில். கடிதம் போனது முக்கியப் பிரமுகர்களைக் காக்கும் பிரிவுகளுக்கு. எந்தப் பங்குத்தந்தைக்கும் யாரும் ஒரு தொலைபேசி அழைப்புகூடச் செய்யவில்லை. தமக்குத் தெரிந்திருந்தால் ஞாயிறு திருப்பலியையே நிறுத்தியிருப்பேன் என்று கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித் பின்னர் சொன்னார். மாறாக, அமைச்சர் ஹரீன் பெர்னாண்டோ, தம் தந்தை ஓர் உளவு அதிகாரி மூலம் இதைக் கேள்விப்பட்டிருந்தார் என்று வெளிப்படையாகக் கூறினார். வேண்டியவர்களுக்கு வாய்வழியாகப் போன செய்தி, கோயிலுக்குப் போன சனங்களுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 16ஆம் தேதி காத்தான்குடிப் பகுதியில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. அது ஒத்திகை. ஏப்ரல் 20ஆம் தேதியும் மீண்டும் தகவல் வந்தது. கைப்பேசியில் செய்தி கைமாறியது. மறுநாள் காலை குண்டுகள் வெடித்தன.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர் வேலை பார்த்தவன். இந்தக் கடிதங்களின் கதையைப் படித்தபோது பள்ளிச் சுற்றறிக்கைப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் அதைக் கொண்டுவருவார். படித்தும் படிக்காமலும் கையொப்பம் போட்டு அனுப்பிவிடுவோம். ஒருமுறை, விரிசல் விட்ட சுற்றுச்சுவர்ப் பக்கம் மாணவர்களை விடக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. நாங்கள் அத்தனை பேரும் கையொப்பம் இட்டிருந்தோம், நானும்தான். மதிய இடைவேளையில் பிள்ளைகள் அந்தச் சுவரடியில்தான் கூடியிருந்தார்கள். நல்லவேளை, சுவர் அன்று விழவில்லை. அந்தப் பக்கம் நின்று பிள்ளைகளைத் தடுப்பது இன்னார் வேலை என்று அந்தச் சுற்றறிக்கையில் எழுதப்படவில்லை. ஏப்ரல் 11ஆம் தேதிக் கடிதத்தைப் பெற்றவர்களில் ஒருவர்கூடத் தேவாலயத்துக்குப் பொறுப்பானவர் இல்லை.

அதிகாரப் போட்டி

அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2018 அக்டோபர் 26 அன்று, அதிபர் மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்ரமசிங்கவைப் பதவி நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். நீதிமன்றம் தலையிட்டபின் டிசம்பரில் ரணில் மீண்டும் பிரதமரானார். ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. பாதுகாப்புத் துறையும் சட்டம் ஒழுங்குத் துறையும் அதிபரிடமே இருந்தன. தேசியப் பாதுகாப்பு மன்றக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. காவல்துறைத் தலைவரும் அழைக்கப்படவில்லை. உளவுச் செய்தியைக் கேட்க வேண்டியவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதற்காக உள்ள மன்றம் அது. தாக்குதல் நடந்த அன்று அதிபர் சிங்கப்பூரில் இருந்தார். தமக்கு எவரும் சொல்லவில்லை என்றார். பிரதமரும் அதையே சொன்னார்.

சஹ்ரானைத் தேடிவந்த பயங்கரவாத விசாரணைப் பிரிவின் தலைவர் நாலக சில்வா, அதிபரைக் கொல்லச் சதி என்ற வேறொரு புகாரில் 2018 அக்டோபரில் கைதாகியிருந்தார். அந்தத் தேடலும் தளர்ந்துபோனது.

முன்முடிவு

2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் காவலர் இருவர் கொல்லப்பட்டனர். உடனே முன்னாள் விடுதலைப் புலிகள் மேல் சந்தேகம் விழுந்தது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்பது ஈஸ்டருக்குப் பிறகே வெளிவந்தது. முப்பது ஆண்டு யுத்தம் பழக்கிவிட்ட கண்ணுக்கு வடக்கு கிழக்கில் துப்பாக்கி வெடித்தால் புலி மட்டுமே தெரியும். உண்மையான தடயம் அங்கேயே கைவிடப்பட்டது. ஒரு தமிழர் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருந்த நாட்களில்தான் உண்மைக் குற்றவாளிகள் குண்டு தயாரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இந்தப் பிழைக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு 1973ஆம் ஆண்டுப் போர். நீண்ட தூரம் பாயும் போர் விமானங்கள் கைக்கு வரும்வரை எகிப்து போருக்கு வராது என்று இஸ்ரேலின் ராணுவ உளவுத்துறை உறுதியாக நம்பியது. எல்லையில் படைகள் குவிந்ததைப் பார்த்தும் அது பயிற்சி என்றே எடுத்துக்கொண்டது. அதன்பின், பொதுக் கருத்துக்கு வேண்டுமென்றே மறுப்புச் சொல்லும் ஒரு தனிப்பிரிவை இஸ்ரேல் ஏற்படுத்தியது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் 2023 அக்டோபர் 7 அன்று அதே நாடு மீண்டும் ஏமாந்தது. காசா எல்லையைக் கண்காணித்த இளம் பெண் வீரர்கள் முன்பே சொல்லிவந்ததை மேலதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. மறுப்புச் சொல்ல ஒரு பிரிவு இருந்தால் போதாது, மேலே இருப்பவர் கேட்கவும் வேண்டும்.

ஊர்க்காரர்கள் சொன்னது

சஹ்ரானைப் பற்றி முதலில் எச்சரித்தவர்கள் முஸ்லிம்களே. காத்தான்குடியில் அவர் பேச்சால் தாக்கப்பட்ட சூஃபி மரபினர் காவல்துறையிடம் புகார் செய்தார்கள். 2017 மார்ச்சில் அங்கு நடந்த மோதலுக்குப் பின் அவர் தலைமறைவானார். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோது, விசாரணை அடுத்த மாதமே புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் சுமார் 100 கிலோ வெடிபொருள் இருந்த தோட்டத்துக்கு இட்டுச் சென்றது. அந்த விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவர் 2019 மார்ச்சில் தம் வீட்டில் சுடப்பட்டார். தாக்குதலுக்குப் பிறகு, அந்த ஆண்டு மே மாதம், குருநாகல், மினுவாங்கொடை பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. சொல்லியும் கேளாத அரசு, பிறகு சொன்னவர்களையும் காக்கவில்லை. அடுத்த முறை ஒருவர் துணிந்து காவல் நிலையம் போவாரா?

கார்கிலிலும் 1999 மே மாதத் தொடக்கத்தில் ஊடுருவலை முதலில் கண்டு சொன்னவர்கள் மலையில் கால்நடை மேய்த்தவர்கள் என்பதை இங்கே சேர்த்து நினைக்கலாம்.

தடுக்க என்ன செய்கிறார்கள்

கார்கில் போருக்குப் பின் இந்தியா ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அக்குழுவின் அறிக்கையையும் அதன்மேல் அமைந்த அமைச்சர்கள் குழுவின் பரிந்துரையையும் ஒட்டி, உளவுத் தகவலை எல்லா அமைப்புகளும் ஓரிடத்தில் பகிர்ந்துகொள்ள 2001இல் பல்முகமை மையம் உருவானது. இருந்தும் 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்டது. தாஜ் விடுதிக்கு முன்பே எச்சரிக்கை வந்து, சிறிது காலம் காவல் கூட்டப்பட்டு, எதுவும் நடக்காததால் தளர்த்தப்பட்டிருந்தது. அதன்பின் மையம் வலுப்படுத்தப்பட்டு, மாநிலங்களில் கிளைகள் ஏற்பட்டன. தேசியப் புலனாய்வு முகமையும் உருவானது.

பகிர்வதில் உள்ள சிக்கல் எல்லையோரம் வாழ்பவர்களுக்குப் புதிதல்ல. எங்கள் பாகலூரிலிருந்து மாலூர் சாலையில் சிறிது தூரம் போனால் கர்நாடகம். இந்தப் பக்கம் காணாமல் போன இருசக்கர வண்டி அந்தப் பக்கம் ஓடும். இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனிப் பதிவேடு, தனித்தனி மொழி. அமெரிக்காவில் இதுவே பேரளவில் நடந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலில் பங்கேற்ற இருவரை சி.ஐ.ஏ. 2000 ஜனவரியிலேயே கோலாலம்பூரில் கண்காணித்திருந்தது. உள்நாட்டில் அவர்களைத் தேட வேண்டிய எஃப்.பி.ஐ.க்கு முறையான தகவல் 2001 ஆகஸ்ட் கடைசியில்தான் போனது.

உளவுத்துறையின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. பேர்ல் துறைமுகத் தாக்குதலை ஆராய்ந்த ராபர்ட்டா வோல்ஸ்டெட்டர் 1962இல் காட்டியதுபோல, ஆயிரம் வதந்திகளுக்கு நடுவே ஓர் உண்மைக் குறிப்பு கிடக்கும். நடந்து முடிந்தபின் மட்டுமே அது பளிச்சென்று தெரியும். தடுக்கப்பட்ட தாக்குதல்கள் செய்தியாவதும் குறைவு. ஆனால் ஈஸ்டர் விஷயத்தில் இந்தச் சமாதானம் எடுபடாது. பெயரும் இலக்கும் கையில் இருந்தன.

இலங்கை உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. 2023 ஜனவரி 12 அன்று, அடிப்படை உரிமை மீறல் வழக்கில், முன்னாள் அதிபர் சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. பூஜித் ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, சிசிர மெண்டிஸ் 1 கோடி. எச்சரிக்கை கைமாறிய வழியில் நின்ற அலுவலகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு தொகை வந்ததுபோல் இருக்கிறது அந்தப் பட்டியல். சீர்திருத்தம் என்ற பெயரில் தொடங்கும் புதிய அமைப்புகளைவிட இத்தகைய தனிப்பொறுப்பே அதிகாரிகளை அசைக்கும் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் உளவுத்துறையும் (ஐ.பி.) 'ரா'வும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து பெருமளவு விலக்குப் பெற்றவை. பிரிட்டனில் 1994 முதல் நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று சட்டப்படி உளவு அமைப்புகளைக் கண்காணிக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. மணீஷ் திவாரி 2011இல் இதற்காக மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.