துறுதுறு பிள்ளையும் 15 நிமிடமும்

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில், செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த எலைன் வைலி 2012-இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் தினமும் 15 நிமிடம் வகுப்பிலிருந்து வெளியே போய் ஓடலாம், நடக்கலாம். விளையாட்டு உடை மாற்ற வேண்டாம். முதலிடம், கடைசியிடம் எதுவும் கிடையாது. ‘டெய்லி மைல்’ என்று பல நாடுகளுக்குப் பரவியது இதுதான். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓட்டமல்ல. வேகத்தைப் பிள்ளையே முடிவு செய்வது. பிரிட்டனில் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. களைத்துப்போகும்வரை ஓடுவது, வெளியே சும்மா உட்கார்ந்தோ நின்றோ இருப்பது, தன் போக்கில் ஓடி நடப்பது என மூன்றையும் ஒப்பிட்டார்கள். உற்சாகத்துக்கும் கவனத்துக்கும் அதிகம் உதவியது மூன்றாவதுதான். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்விலும், 20 நிமிடம் மிதமாக நடந்த பிறகு பிள்ளைகள் கவனச் சோதனையில் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். அதில் பங்கேற்றவர்கள் 20 பேர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

‘போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதில் ஓட்டம் வேறா?’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ட்ருவா ரிவியேர் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் 1970-களில் இதற்கு விடை தேடினார்கள். வாரத்துக்கு 5 மணி நேரம் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்து, அந்த நேரத்தைப் பாடவேளையிலிருந்து எடுத்தார்கள். மதிப்பெண் சரியவில்லை. அதற்காக இதைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடவும் கூடாது. பர்மிங்காமில் 40 பள்ளிகளில் டெய்லி மைலைச் சோதித்தபோது, பிள்ளைகளின் உடல் எடைக் குறியீட்டில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை. உடம்பு இளைக்கும் என்று வாக்குக் கொடுத்து ஒரு பள்ளி இதைத் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஓடிவிட்டு வந்தால் வகுப்பு அடங்காது என்பது இன்னொரு கவலை. முதல் சில நாள் அப்படி இருக்கலாம். தினசரி வழக்கமானபின் அது புதுமையாக இராது. எனக்குப் புரியாதது வேறொன்று. துறுதுறுவென்றிருக்கும் பிள்ளையை அடக்க, இடைவேளையில் வெளியே விடாமல் உட்கார வைக்கிறோம். அசைவு அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கே அதை மறுக்கிறோம். இடைவேளையைத் தண்டனையாகவோ படிப்பைக் காரணம் காட்டியோ பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரிலோ பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார். உடற்பயிற்சி என்று கொடுப்பது பெரும்பாலும் தோப்புக்கரணம்! தலைமையாசிரியர்கள் முதலில் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கட்டும். மைதானம் இல்லாத பள்ளிக்கு வராந்தா போதும்.