பழைய அடுக்களையைக் கோழிக்கூடாக்குதல்

வீட்டோடு சேர்த்துப் புதிய அடுக்களை கட்டிய பின்னர், வளவின் மூலையில் நின்ற பழைய அடுக்களை விறகும் சாக்கும் போடும் இடமாகிவிடுகின்றது. அதற்குக் கூரையுண்டு, சுவருண்டு, கதவுமுண்டு. சிறிது திருத்தினால் அதில் இருபது முட்டைப் பேடுகளை வளர்க்கலாம். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே கையிற் காசு குறையும் நாட்களில் முட்டை விற்ற பணம் வீட்டுச் செலவுக்கு உதவும். கூட்டிலிருந்து அள்ளும் கூளம் தோட்டத்துக்கு எருவாகும்.

ஆயினும், இவ்வாறு தொடங்கி முதல் மாரியிலேயே கோழிகளை இழந்து, இனத்தையும் தீனியையும் நொந்துகொள்பவரும் உளர். பல வேளைகளிற் குற்றம் கூட்டிலேயே இருக்கும். மனிதருக்கெனக் கட்டிய அறை மழையையும் காற்றையும் ஒருங்கே மறித்து நிற்கும். கோழிக்கு மழை மறிக்கப்படவேண்டும்; காற்று மறிக்கப்படலாகாது. கோழியின் மூச்சிலும் எச்சத்திலும் நீர் மிகுதியாக உண்டு. அந்த ஈரம் வெளியேற வழியில்லாவிடிற் கூளம் நனையும். நனைந்த கூளத்திலிருந்து அமோனியா வாயு எழுந்து கண்ணையும் மூச்சுக்குழலையும் வருத்தும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகளும் அவ்வீரத்திற் பெருகும். ஆகவே, பழைய அறையைத் திருத்தும்போது காற்றோட்டமும் உலர்ந்த தளமுமே முதலிற் கவனிக்கத்தக்கன.

இடத்தைத் தேர்தல்

குடியிருக்கும் அறையோடும், சமைக்கும் அடுக்களையோடும், கிணற்றோடும் ஒட்டிய இடம் வேண்டாம். கிருமிநாசினி, களைநாசினி ஆகியன வைத்திருந்த அறையையும் உபயோகித்தலாகாது. மண்ணிலும் சுவரிலும் ஊறிய நஞ்சு கழுவினாலும் முற்றாக நீங்காது. கோழி தளத்தைக் கிளறிக் கொத்தும் இயல்புடையது.

10 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள அறையின் பரப்பு 80 சதுர அடி. பேடு ஒன்றுக்கு 3 சதுர அடி வேண்டும். இதன்படி 26 பேடுகள் கொள்ளுமெனினும், பாத்திரங்களுக்கும் பெட்டிகளுக்கும் இடம் விட்டு, 20 பேடுகளோடு நிறுத்திக்கொள்க. நெருக்கம் கூடினால் ஒன்றையொன்று கொத்தும். கூளமும் விரைவில் ஈரமாகும்.

சுவரும் தளமும்

அடுப்பை இடித்து அகற்றி, புகைக்கரியைச் சுரண்டிக் கழுவுக. உண்ணிகள் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்குமாதலால், வெடிப்புகளைச் சாந்தினால் அடைத்துச் சுண்ணாம்பு பூசுக. பின்னர் ஒரு வாரம் அறையை உலரவிடுக.

நீளமான இரு சுவர்களிலும் அடியில் இரண்டு அல்லது மூன்று அடி உயரம் விட்டு, மேற்பகுதியைத் திறந்து, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். கூரையைத் தாங்கும் மூலைகளையும் தூண்களையும் தொடவேண்டாம். மேசனைக் கேட்டே சுவரை வெட்டுக. கீரி, மரநாய், எலி ஆகியன நுழையும் பொந்துகளைக் கண்ணாடித் துண்டும் சீமெந்தும் இட்டு அடைக்கவும். கூரை இறப்பு மூன்றடி வெளியே நீண்டிருப்பின் சாரல் உள்ளே வராது. தகரக் கூரையாயின், வெப்பம் தணிய அதன்மேற் கிடுகு பரப்புக.

வட மாகாணத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு மழை வரும். அக்காலத்தில் வடக்கு, கிழக்குப் பக்கங்களிற் சாக்குத் திரை தொங்கவிடலாம். மழை பெய்யும்போது மாத்திரம் அதை இறக்கி, அப்போதும் மேலே ஒரு சாண் திறந்திருக்க விடவேண்டும்.

தளம் வெளிநிலத்திலும் அரை அடியாவது உயர்ந்திருத்தல் அவசியம். அதன்மேல் உலர்ந்த உமி அல்லது மரத்தூளை நான்கு அங்குலத் தடிப்பிற் பரப்பி, வாரத்தில் இருமுறை கிளறுக. கூளத்தில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பின் கையை விரியுங்கள். உதிர்ந்தால் நன்று. கட்டியாக நின்றால் ஈரம் கூடிவிட்டது. கட்டியானதை அகற்றி, நீறிய சுண்ணாம்புத் தூளும் புதிய உமியும் சேர்த்துக் கிளறவும்.

உள்ளே அமைப்பன

பேடுகள் இரவில் உறங்குவதற்கு, ஒன்றுக்கு 8 அங்குலம் வீதம், ஏழடித் தடிகள் இரண்டை இரண்டரை அடி உயரத்திற் கட்டுக. தடியின் விளிம்புகள் உருண்டையாக இருக்கவேண்டும். ஒரு சதுர அடி அளவான முட்டைப் பெட்டிகள் நான்கை, வெளிச்சம் குறைந்த பக்கத்தில், ஒன்றரை அடி உயரத்தில் வைக்கவும். பெட்டி தடியிலும் உயர்ந்திருந்தாற் கோழிகள் பெட்டியிலேயே உறங்கி அதை அசுத்தமாக்கும்.

இருபது பேடுகளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோகிராம் தீனியும் 5 லீற்றர் தண்ணீரும் தேவை. வெப்ப காலத்தில் தண்ணீர் இன்னும் கூடும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேடையில் வைத்தாற் சிந்துவது கூளத்திற் சேராது. உண்ணும் முட்டைக்கென வளர்ப்பவருக்குச் சேவல் வேண்டியதில்லை.

நோய்த்தடுப்பு

கோழிகளை வாங்குமுன் அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து, இராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்தை ஒழுங்குசெய்க. அந்நோய் வந்தபின் அதைத் தீர்க்கும் மருந்தில்லை. புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கலாம். இறந்த கோழியை வாய்க்காலில் எறியாது, சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவும். சடுதியாகப் பல கோழிகள் இறப்பின் வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

அள்ளிய கூளத்தை மழைபடாத இடத்திற் குவித்து மக்கவிட்டபின் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு இடுக. பச்சையாக இட்டால் வேர் கருகும்.

கூடு சரியாக உள்ளதோ என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. விடியற்காலையிற் கதவைத் திறந்ததும் உள்ளே குந்தி, கோழியின் தலை மட்டத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தாற் கோழிகள் இரவு முழுவதும் அதனையே பொறுத்திருந்தன என்பது பொருள். அன்றே திரையை உயர்த்தி, ஈரக் கூளத்தை அகற்றிவிடுக.