சாய்ந்து இறங்கும் வரிகள்

கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளையிடம் "அம்மாவைப் பற்றிக் கவிதை எழுது" என்றால், தியாகம், தெய்வம் என்று கேட்டுப் பழகிய சொற்களே முதலில் வரும். வரிகளையே ஒரு பொருளின் உருவில் அடுக்கும் வடிவக் கவிதை அந்தப் பழக்கத்தை உடைக்கிறது. பால்வெட்டும் மரத்தின் பட்டையில் கோடு சாய்ந்து இறங்கிச் சிரட்டையில் முடிகிறது. வரிகளும் அப்படி இறங்க வேண்டுமென்றால், அம்மா விடியுமுன் கிளம்பியது, உடுப்பில் ஒட்டிய பாலின் வாடை, மழையால் வெட்டு நின்ற நாள் என நடந்ததையே பிள்ளை தேட வேண்டும். சிரட்டைக்குள் விழத் தகுந்த கடைசிச் சொல் எது? அந்த யோசனைதான் உண்மையான கவிதைப் பயிற்சி.

இது சித்திர விளையாட்டு, கவிதையல்ல என்பார்கள். நினைவுக்கு முன்னால் வடிவத்தை வைத்தால் அந்தக் குறை நியாயமே. பாம்பு உருவில் எழுத்துகளை அடைக்கும் நம் நாகபந்தங்களில் பல எழுத்துச் சாமர்த்தியமாகவே நின்றுவிட்டன. ஆனால் ஏறி இறங்கும் எண்களால் திருஞானசம்பந்தர் அமைத்த எழுகூற்றிருக்கையில் பக்தி குன்றவில்லை. பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேரின் 1918ஆம் ஆண்டுத் தொகுப்பில் மழையைப் பற்றிய கவிதையின் எழுத்துகள் சாய்ந்து பெய்கின்றன. துயரமும் கூடவே பெய்கிறது. ஆகவே பிள்ளை முதலில் தோட்டத்து லய வீட்டுப் பேச்சிலேயே நினைவைச் சொல்லட்டும், ஆசிரியர் திருத்தாமல் கேட்கட்டும், வடிவம் பிறகு வரட்டும். வீட்டுக் கஷ்டத்தை வகுப்பில் விரிக்கச் சொல்வது கொடுமை என்ற அச்சமும் சரியானது. எந்த நினைவு என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். கோயில் திருவிழாவில் வாங்கிய பலூனும் போதும்.