சொல்லே சான்று

தாம்பரம் சானடோரியம் என்னும் தொடர்வண்டி நிலையத்தின் பெயருக்கு ஒரு மருத்துவமனையே காரணம். காசநோயாளர்க்காக 1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரிமுத்து அங்கு நிறுவிய மனையை 1937இல் அரசு ஏற்றது. காசநோயைச் சளி ஆய்வும் ஊடுகதிர்ப் படமும் காட்டிவிடும். எந்தப் படத்திலும் பதியாத நோய்களும் உண்டு. ஒற்றைத் தலைவலி அவற்றுள் ஒன்று. அதனை அறிய நோயாளியின் சொல்லே முதற்சான்று.

பதின்பருவத்தினரின் அச்சொல் பலவேளைகளில் நம்பப்படுவதில்லை. தேர்வு நாளில் தலைவலி என்றால் அதனைச் சாக்கு என்பர். கண்ணாடி அணிந்தால் தீரும் என்பாரும் உளர். நோயின் பெயரும் மயக்கம் தருகிறது. இளையோர்க்கு நெற்றியின் இருபுறமும் வலிப்பதே மிகுதி. மருந்து கொள்ளாவிடில் பெரியவர்க்கு 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும் வலி, 18 வயதுக்குட்பட்டோர்க்கு 2 மணி நேரத்திலும் அடங்கலாம். எனவே, காலையில் துவண்ட மாணவி மாலையில் விளையாடுவது நடிப்பாகாது.

2003இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு லிப்டன் குழுவினர் மூன்று வினாக்கள் கொண்ட எளிய சோதனையை வெளியிட்டனர். கடந்த மூன்று மாதங்களில் தலைவலியால் ஒரு நாளேனும் படிப்போ வேலையோ தடைப்பட்டதா? வலியின்போது குமட்டல் உண்டா? வெளிச்சம் துன்புறுத்துகிறதா? இவற்றுள் இரண்டிற்கு ‘ஆம்’ என்பவர் மருத்துவரை நாட வேண்டும். முதலில் பெரியவர்க்கென அமைந்த இச்சோதனை, பின்னர்ப் பதின்பருவத்தினரிடமும் ஆய்ந்து பார்க்கப்பட்டது. இது சல்லடை மட்டுமே; நோயை உறுதிசெய்பவர் மருத்துவரே.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு குறிப்பேடு தொடங்குதல் நன்று. வலி தோன்றிய நாள், நேரம், நீடித்த அளவு, உறக்கம், உணவு, உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து காலையுணவின்றி மின்தொடர்வண்டியில் தாம்பரம் வரும் மாணவர், பசித்த நாள்களிலேயே வலி வருவதை அக்குறிப்பேட்டில் காணக்கூடும். வலிநீக்கி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள்களுக்கு மேல் தொடர்ந்து உண்பதும் தலைவலியை வளர்க்கும்.

திடீரெனத் தாக்கும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, வலிப்பு, கைகால் தளர்ச்சி, தலையில் அடிபட்டபின் வலி ஆகியன தோன்றின் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

மற்ற வேளைகளில், வெளிச்சம் குறைந்த அமைதியான அறையும் சிறிது நீரும் உதவும். அவற்றுக்கும் முன்னர்த் தேவைப்படுவது, வலிக்கிறது என்று சொல்பவரை நம்பிக் கேட்கும் செவி.