கோபுரம் சாயாம படம் எடுக்க எந்த லென்ஸ்?

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தை 4x5 இன்ச் ஃபிலிம் கேமராவில் எடுக்கணும்னு வைச்சுப்போம். கேமராவை மேல்நோக்கித் தூக்கினா கோபுரம் பின்னால சாயற மாதிரி பதிவாகும். அதனால கேமராவை நேரா நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தணும்.

எவ்வளவு? அதை லென்ஸின் ஒளிவட்டம்தான் முடிவு பண்ணும். எஃப்/22-ல் ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் 65 மி.மீ. எஃப்/5.6 லென்ஸின் வட்டம் 170 மி.மீ.; செங்குத்து ஃப்ரேமில் சுமார் 10 மி.மீ. நகர்த்தலாம். 90 மி.மீ. எஃப்/8 லென்ஸின் வட்டம் 216 மி.மீ.; சுமார் 37 மி.மீ. நகர்த்தலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, 20 மீட்டர் தள்ளி முக்காலி போட்டா ரெண்டுமே ஏறக்குறைய 23 மீட்டர் உயரம் வரைதான் எட்டும்! 65-ல் கூடுதலா கிடைக்கறது பக்கவாட்டு அகலமும், கீழே ரோடும் பைக்கும்தான். ரொம்ப ஒடுங்கின தெரு இல்லைன்னா என் ஓட்டு 90-க்கே. ஆனா இவ்வளவு நகர்த்த மடிப்பு பெல்லோஸ் ஒத்துழைக்காது; பை மாதிரி தொளதொளன்னு இருக்கற பெல்லோஸையும் சேர்த்து வாங்குங்க.