முயற் குட்டிகளைப் பழக்கிப் பேணும் முறை

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே எஞ்சி நிற்கும் நெல் வயல்களில் அறுப்பு நடைபெறும் காலத்தில், வரப்போரத்துப் புல்லில் சிறு முயற் குட்டியொன்று அசையாமல் பதுங்கிக் கிடப்பது ஆட்களின் கண்ணிற் படுவதுண்டு. அருகில் தாயைக் காணோம். இரக்கமுள்ள ஒருவர் அதைத் துண்டில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளிடம் கொடுக்கிறார். பசும்பால் புகட்டப்படுகிறது. இரண்டு மூன்று தினங்களில் குட்டி இறந்துவிடுகிறது. அம்பத்தூர், ஆவடி முதலிய இடங்களில் கூடைகளில் வைத்து விற்கப்படும் வெள்ளைக் குட்டிகளை ஆசையோடு வாங்கிச் சென்ற வீடுகள் பலவற்றிலும் இதே கதிதான் நேரிடுகிறது. இரு திறத்துச் சாவுக்கும் காரணம் ஒன்றே: குட்டி காலத்துக்கு முன்னரே தாயினிடமிருந்து பிரிக்கப்பட்டது.

வயலில் அகப்படும் முயலும் கூட்டில் வளரும் முயலும் வெவ்வேறு ஜாதிப் பிராணிகள் என்பது முதலில் அறியத் தக்கது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் இவ்வேற்றுமை பலருக்குத் தெரிவதில்லை. நம் வயல்களிலும் ஏரிக்கரைப் புதர்களிலும் வாழ்வது பிடரியில் கருநிறம் படர்ந்த காட்டு முயல். இது வளை தோண்டுவதில்லை. புல்லை அமுக்கிய சிறு பள்ளத்தில் படுத்துக் கிடக்கும். இதன் குட்டி உடலெங்கும் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கிறது. வீட்டு முயலோ ஸ்பெயின், போர்த்துகல் முதலிய மேனாடுகளில் மண்ணைக் குடைந்து வளைகளில் வாழ்ந்த இனத்தின் வழி வந்தது. அதன் குட்டிகள் மயிரின்றிக் குருடாகப் பிறந்து, 10 அல்லது 12 நாட்களுக்குப் பின்னரே கண் விழிக்கும். இவ்விரண்டும் கலந்து இனம் பெருகுவதுமில்லை. ஆதலால் வயற்குட்டியைப் பிடித்து வந்து வீட்டு முயலாக்கி விடலாம் என்னும் எண்ணம் வீணே.

காட்டு முயலின் தாய் குட்டியைக் கைவிட்டுப் போவதன்று. நரி, நாய், கீரி முதலியவை மோப்பம் பிடித்து வாராதிருக்கவேண்டி அது பகலெல்லாம் தூரத்தில் இருந்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் ஒரு முறை வந்து பால் கொடுத்துச் செல்கிறது. அசையாமல் கிடப்பதே குட்டிக்குக் காவல். ஆகவே அதைத் தொடாமல் விட்டுவிடுவதே உத்தமம். அறுப்பு இயந்திரம் நெருங்கி வருமாயின், கையில் நிறையப் புல்லை வைத்துக்கொண்டு குட்டியை எடுத்து, அருகிலுள்ள வரப்பு மறைவில் வைத்தாற் போதும். இப்பிராணி 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்கு உட்பட்டது. அதைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் தண்டனைக்குரிய செயல்கள். காயம்பட்ட குட்டி கிடைத்தால் வனத்துறையாருக்குத் தெரிவிக்க வேண்டும். கர்ணம், மணியம் என்ற பழைய உத்தியோகங்கள் 1980-இல் நீக்கப்பட்ட பின் அவ்விடத்தில் வந்துள்ள கிராம நிர்வாக அலுவலர்கள், அறுப்புக்கு முன் இவ்விஷயத்தை ஒருமுறை ஊராருக்கு எடுத்துச் சொன்னால் மிகுந்த பயன் உண்டாகும். அறியாமையால் குற்றவாளியாவோர் இதில் அநேகர்.

வீட்டு முயலிலும் தாயின் வழக்கம் இதுவே. அது நாளொன்றுக்கு ஒரு முறை, சில வேளை இரு முறை, சில நிமிஷ நேரமே பாலூட்டும். மற்றப் பொழுதில் குட்டிகளிருக்கும் பெட்டியைத் திரும்பியும் பாராது. ஆட்டையும் மாட்டையும் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டு, தாய் பால் கொடுக்க மறுக்கிறதென்று கருதி, குட்டிகளைப் பிரித்தெடுத்துப் புட்டிப்பால் கொடுக்கத் தொடங்குகிறார்கள். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டு திரண்டு இருந்தால் இரவில் பால் குடித்தாயிற்று என்று அறிந்து, அவற்றை வாளா விட்டுவிட வேண்டும். வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருந்தால் மட்டுமே கால்நடை மருத்துவரிடம் யோசனை கேட்பது அவசியம்.

குட்டி 3 வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே வந்து புல்லைக் கடிக்கத் தொடங்கும். அப்போது அது பார்வைக்கு மிக அழகாக இருப்பதாலேயே வியாபாரிகள் அந்த வயதில் விற்றுவிடுகிறார்கள். ஆனால் புல்லைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதன் பெருங்குடற் பையில் மெல்ல மெல்லவே நிலைபெறுகின்றன. அதுவரை தாய்ப்பால்தான் வயிற்றைக் கெட்ட கிருமிகளினின்று காக்கிறது. அந்நிலையில் தாயை இழந்து, இடம் மாறி, ஆகாரமும் மாறினால் கழிச்சல் கண்டு ஓரிரு நாளில் மாண்டுபோகும். 8 வாரம் நிரம்பாத குட்டியை வாங்கலாகாது. கொடுப்பவரிடம் அது அதுவரை தின்றுவந்த தீவனத்தில் ஒரு வாரத்துக்குப் போதுமானதையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, புதுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுவது தக்கது. கண் தெளிவாகவும், மூக்கு ஒழுகாமலும், வாலடி நனையாமலும் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். காது மடல்களின் உட்புறத்தையும் விரித்துப் பார்க்கவேண்டும். சொறிப் பூச்சி முதலில் காணப்படுவது அங்கேதான். முயல் வளர்ப்பைப் பற்றி நன்கு விசாரித்து அறிய விரும்புவோர் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தை நாடலாம். ஆனால் இது பூந்தமல்லியை அடுத்த காட்டுப்பாக்கமன்று. செங்கற்பட்டு மார்க்கத்தில் காட்டாங்குளத்தூரை ஒட்டியுள்ளது. பெயரை நம்பிப் பூந்தமல்லியில் வண்டியை விட்டு இறங்குவோர் அலைய நேரிடும்.

இனி, குட்டியைப் பழக்கும் விதம். நாய்க்குட்டி மனிதனிடம் தானே ஓடிவரும் இயல்புடையது. முயலோ பல மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் இரையாக வாழ்ந்து வந்த ஜீவன். மேலிருந்து நீண்டு வரும் கை எதுவாயினும் அதற்குப் பருந்தின் காலாகவே தோன்றும். புதுக்குட்டி வந்த அன்று வீட்டார் சூழ்ந்து நின்று ஒருவர் மாற்றி ஒருவர் கையிலெடுப்பது வழக்கமாயிருக்கிறது. அதைவிடக் கெடுதலான வரவேற்பு வேறில்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் சந்தடியில்லாத மூலையில், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியோ கவிழ்த்த மண்பானையோ வைத்து, புல்லும் நீரும் கொடுத்துத் தனியே விடவேண்டும். பிறகு தினந்தோறும் ஒரே வேளையில் வீட்டார் ஒருவர் தரையில் உட்கார்ந்து, குட்டியைப் பாராமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரிசி பொறுக்குவதற்கும் கணக்கெழுதுவதற்கும் இது நல்ல சமயம். சில தினங்களில் குட்டி தானே அருகில் வந்து மோந்து பார்க்கும்; முகவாயை வேஷ்டியிலும் பலகையிலும் தேய்க்கும். முகவாயின் அடியிலுள்ள வாசனைச் சுரப்பியினால் தனக்குரியதென்று அடையாளம் இடும் செயல் அது. அப்போதும் பிடிக்கலாகாது. உள்ளங்கையில் ஒரு கொத்தமல்லித் தழையை வைத்து, கையைத் தரையோடு நீட்டினால் வந்து தின்னும். நெற்றியையும் காதுக்குப் பின்புறத்தையும் மெல்லத் தடவுவதற்கு அது இசையும் நாள் ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு மாதத்திலும் வரலாம். அவசரப்பட்டு ஒரு முறை துரத்திப் பிடித்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும்.

எடுக்க நேரிட்டால் ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்து எடுக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது பெருங் கொடுமை. முயலின் எலும்பு மிக மெல்லியது. பின்காற் சதையோ வலிமை மிக்கது. பின்புறம் ஆதாரமின்றித் தொங்கும்போது அது உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். சிறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே மடியில் வைத்துக்கொள்வது உசிதம். மல்லாக்கப் படுக்க வைத்தால் அசையாமல் கிடப்பதைப் பார்த்துச் சுகமாகத் தூங்குகிறதென்று மகிழ்வோர் உண்டு. அது சுகமன்று, பகைவன் கையில் அகப்பட்ட பிராணி செத்ததுபோல் கிடக்கும் அச்சநிலை. பின்காலால் தரையைத் தட்டுவதும் காதை முதுகோடு ஒட்டிப் பதுங்குவதும் பயக்குறிகள். பல்லை மெல்ல நறநறவென்று தேய்ப்பதும், காலை நீட்டிப் பக்கவாட்டில் சாய்வதும், திடீரென்று உடலை முறுக்கித் துள்ளுவதும் மனநிறைவின் குறிகள்.

ஆகாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்கவேண்டும். பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே போவதால் நார்ப்பொருளை ஓயாது மென்று தேய்த்தாலன்றி அவை வளைந்து வாயைக் குத்தும். காய்ந்த அறுகும் பிற உலர்ந்த புற்களும் எப்போதும் கூட்டில் இருத்தல் நலம். பச்சைப் புல்லைக் காலையில் அறுத்துப் பனியீரம் உலர வைத்துக் கொடுக்க வேண்டும். வேலிமசால், அகத்தி, முள்முருங்கைத் தழை ஆகியவற்றை ஒரு பிடி சேர்க்கலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைச் சாலையோரத்திலும் நெடுஞ்சாலைப் பக்கத்திலும் வளர்ந்த புல் புகையும் எண்ணெயும் படிந்தது. களைக்கொல்லி தெளித்த வரப்பின் புல் அதனினும் கொடியது. இவற்றை விலக்க வேண்டும். மரவள்ளி இலை, அரளி, ஊமத்தை, வெங்காயம், பூண்டு இவை நஞ்சு. சோறு, இட்லி, பிஸ்கோத்து ஆகியவை குடலைப் புளிக்கச் செய்யும். முயலுக்கு வாந்தியெடுக்கும் சக்தியில்லை. உள்ளே சென்ற தீங்கு வெளிவர வழியில்லை. காரட் கிழங்குகூட வாரத்துக்கு ஓரிரு துண்டே போதும். படங்களில் காண்பதை நம்பிக் கொடுப்பது பிழை. விடியற்காலையில் முயல் தன் மிருதுவான புழுக்கையைத் தானே வாய்வைத்துத் தின்பதைக் கண்டு அருவருத்துத் தடுக்கலாகாது. முதன்முறை செரித்ததை மறுபடி உண்டு சத்தைப் பெறுவது அதன் இயற்கை. மாடு அசைபோடுவதற்கு ஒப்பானது.

கூடு மூன்று தாவல் தாவும் நீளமும், பின்காலில் நிமிர்ந்து நிற்கும் உயரமும் உடையதாக இருக்க வேண்டும். கம்பித் தரையாயின் ஒரு பகுதியில் பலகையோ கோணியோ விரிக்காவிடில் பாதங்கள் புண்ணாகும். பூனை, கீரி, பெருச்சாளி, பாம்பு ஆகியவை நுழையாதபடி சிறுகண் வலை அடிப்பது இன்றியமையாதது.

இப்பகுதியில் முயலுக்கு முதற் பகைவன் வெயில். அதற்கு வியர்ப்பதில்லை, காதுகளின் வழியாகவே உடற்சூடு தணியும். 30 பாகை உஷ்ணத்துக்கு மேல் அது வருந்தும். 35-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சென்னைப் பக்கத்தில் மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டென்பதை யாவரும் அறிவர். தகரக் கொட்டகையிலும் கல்நார்க் கூரையின் அடியிலும் மாடியிலும் கூட்டை வைப்பது கொலைக்குச் சமானம். தென்னங்கீற்றுக் கூரை, ஈரக்கோணித் திரை, பக்கவாட்டில் சாய்த்து வைத்த நனைந்த மண்பானை இவை செலவில்லாத உபாயங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளைக் குளிர்ந்த நீரால் துடைத்து நிழலில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். குளிப்பாட்டுவதும் பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவதும் கூடா. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடு நனைந்தால் ரத்தக்கழிச்சல் நோய் இளங்குட்டிகளைக் கூட்டத்தோடு கொண்டுபோகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் வெள்ளம் நின்றது நினைவிருக்கும். அத்தகைய தாழ்ந்த இடங்களில் தரைக்கூடு உதவாது. தீபாவளி வெடிச் சத்தத்தில் முயல் அதிர்ச்சியால் இறப்பதும் உண்டாதலால், அந்த இரவுகளில் உள்ளறையில் வைத்துத் துணியால் கூட்டை மூடவேண்டும்.

தனி முயல் ஏங்கும் என்று இரண்டு வாங்குவது நல்லதே. ஆனால் இளங்குட்டியில் ஆண் பெண் பிரித்தறிவது கடினம். இரண்டும் பெட்டையென்று நம்பி வாங்கிய வீட்டில் நாலைந்து மாதத்தில் பெட்டி நிறையக் குட்டிகள் கிடக்கும். சினைக்காலம் 31 நாட்களே. ஈன்ற அன்றே மறுபடி சினைப்படும் தன்மையும் பெட்டைக்கு உண்டு. 12 வாரத்தில் மருத்துவரைக் கொண்டு இனம் பார்த்துப் பிரிப்பதோ, உரிய வயதில் கருத்தடை செய்விப்பதோ வேண்டும். முயல் 8 முதல் 10 வருஷம்வரை உயிர் வாழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டு வாங்கியது அப்பிள்ளை கல்லூரி செல்லும் வரை வீட்டிலிருக்கும் என்று கருதி, பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றாலன்றி வாங்காதிருத்தலே தருமம். வேண்டாதபோது வயலிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடுவது விடுதலையன்று. வெள்ளை முயல் நாய்க்கும் பருந்துக்கும் ஒரு நாளுக்குள் இரையாகும். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமுமாம்.

முயல் வலியை மறைக்கும் பிராணி. 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமலோ புழுக்கை இடாமலோ இருந்தால் குடல் ஓய்ந்துவிட்டதென்று கொண்டு, மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் போகவேண்டும். மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடுப்பது ஆபத்து. பெனிசிலின் வகை மருந்துகள் வாய்வழிச் சென்றால் முயலின் குடலையே கெடுக்கும். நாய்க்கு உண்ணி போக்கத் தெளிக்கும் பிப்ரோனில் மருந்து முயலைக் கொன்றுவிடும். முயலின் சொறியும் படர்தாமரையும் தொட்டவருக்கும் பற்றுமாதலால், பிள்ளைகள் கை கழுவும் வழக்கத்தை விடலாகாது. அருகில் முயல் வைத்தியம் அறிந்தவர் இல்லாவிடில் வேப்பேரியில் 1903-இல் ஏற்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லலாம். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை சென்றால் அங்கிருந்து தூரம் அதிகமில்லை. வெயில் ஏறுமுன் காலை வண்டியிலேயே, காற்றுப் புகும் கூடையில் பழைய விரிப்பும் பழகிய புல்லும் இட்டு, மேலே மெல்லிய துணியால் மூடிக் கொண்டுபோகவேண்டும். மருத்துவரிடம் போகிறோமென்று பட்டினி போடுவது முயலுக்குக் கூடாது. வழியிலும் அது தின்றுகொண்டே போகட்டும்.